ஒரு சரம் பாக்குப் பக்கெட்

அடுத்த மாதம் எங்கள் பிரதேச சபையில் ஒரு கூட்டம் வைக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாக்குப் பக்கெட் மெல்லுவதை எப்படி நிறுத்துவது என்று பேசப் போகிறார்களாம். பழைய உறுப்பினர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "ஒங்க மகன் கதைய சொல்லுங்க தலைவரே, சனங்க மனசுல தைக்கும்" என்றார் சபைத் தலைவர். அந்தக் கதையை இதற்கு முன் நாலைந்து மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன். பேசும்போது குதிப்பது சுலபம். அதனால் இந்த முறை எழுதி எடுத்துக்கொண்டு போய் வாசிக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை பெக்டரியில் வேலை. தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராகப் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். அந்தச் செல்வாக்கில்தான் சபைக்கும் போனேன். கோபம் வந்தால் எனக்குக் கைதான் முதலில் பேசும். எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. தலைவர் ரெண்டு அறை விட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், தோட்டத்து மனேஜர் தொரையிடமும் பொலிஸிடமும் போகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். பெற்றவர்களே பையனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, "தலைவரே, ரெண்டு போடுங்க" என்று நிறுத்துவார்கள். நானும் போடுவேன். அதற்குப் பிறகு டீ கொடுப்பார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி பாக்கியத்தை அடித்திருக்கிறேன். குடித்துவிட்டு அடித்தேன் என்று சொல்ல முடிந்தால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். குடிக்காமல், நல்ல தெளிவோடுதான் அடித்தேன்.

பாக்குப் பக்கெட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விரல் நீளத்தில் பளபளப்பான சின்னப் பக்கெட். உள்ளே சீவின பாக்கு, புகையிலைத் தூள், சுண்ணாம்பு, கொஞ்சம் இனிப்பு, வாசனை. பத்துப் பக்கெட் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டு சரமாகக் கடையில் தொங்கும். பெரியவர்கள் வெற்றிலையோடு புகையிலை போடுவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி, அதனால் பிள்ளைகள் வாயில் இது ஏறியதை நாங்கள் கவனிக்கவேயில்லை. ஒரு நாள் ஒரு பள்ளிக்கூட அதிபர் சபைக் கூட்டத்துக்கு ஒரு பெரிய பையோடு வந்து, கக்கூஸுக்குப் பின்னால் பொறுக்கிய வெற்றுப் பக்கெட்டுகளை எங்கள் மேசையில் கொட்டினார். சபைத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் விற்கக்கூடாது, விற்றால் கடை லைசன்ஸ் ரத்து, அந்தந்த வட்டாரத்தை அந்தந்த உறுப்பினர் கவனிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அதை வழிமொழிந்தவர் வாயில் வெற்றிலை இருந்ததால் எழுந்துபோய் ஜன்னலில் துப்பிவிட்டு வந்துதான் வழிமொழிந்தார். அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியது நான்.

பேசிய சூட்டோடு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கிற கடைக்குப் போனேன். தொங்கிய சரங்களையெல்லாம் கழற்றச் சொல்லிக் கத்தினேன். கடைக்காரர் அமைதியாக மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல ஒங்க வீட்டுல பாருங்க தலைவரே. இன்னிக்குக் காலைலகூட ஒரு சரம் வாங்கிட்டுப் போனது ஒங்க மகன்தான்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் நான் மேட்டில் ஏறினேன். கோயிலுக்கு முன்னால் உள்ள திடலில் தினேஷ் மற்றப் பையன்களோடு கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருஷம். அவன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். ஒரு முழுச் சரம் வந்தது.

"யாருது?"

"என்னோடதுதாம்பா."

"திங்கிறியா?"

அவன் தலையைக் குனிந்தான்.

"இப்ப தின்னு. என் கண்ணு முன்னாடி அத்தனையும் தின்னு. துப்பக்கூடாது. முழுங்கணும்."

கோயிலடியில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் குறுக்கே வரவில்லை. தலைவர் தன் மகனென்றும் பார்க்காமல் தண்டனை கொடுக்கிறார் என்று அவர்கள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. அது எனக்கு நன்றாகவும் இருந்தது. ஒவ்வொரு பக்கெட்டாகக் கிழித்து அவன் வாயில் கொட்டினேன். நாலாவதில் அழுதான், அறைந்தேன். அஞ்சாவதில் முகமெல்லாம் வியர்த்து உதடு வெளுத்தது. "போதும்பா, தலை சுத்துதுப்பா" என்றான். நடிக்கிறான் என்று நினைத்தேன். எட்டாவதில் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

மேடைகளில் நான் தாண்டிய இடம் இதுதான். அவன் வாந்தி எடுக்கக் குனிந்தபோது ஒரு கையால் அவன் பின்தலையைப் பிடித்து, மறு கையால் அவன் வாயைப் பொத்தினேன். "முழுங்குடா" என்றேன். மூக்கு வழியாக வந்தது. என் விரலிடுக்கில் வந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிறாண்டினான், மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது, நான் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவன் கண் மேலே செருகி, உடம்பு என் கையில் கனத்தபோதுதான் விட்டேன். தரையில் விழுந்து கை காலை உதறினான். வாயில் எச்சில் நுரையாக ஒழுகியது.

அந்த நேரத்தில் பாக்கியம் வந்தாள். பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய மலையிலிருந்து விறகுச் சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயில் பாதையால் இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்து நடந்தவள் மகனைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"ஐயோ, மருந்து குடிச்சிட்டானா?"

எங்கள் பக்கம் ஒரு இளம்பிள்ளை நுரை தள்ளி விழுந்தால் முதலில் வருகிற நினைப்பு அதுதான். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் புல்லுக்கு அடிக்கிற மருந்தும் எங்கள் பிள்ளைகளை அவ்வளவு கொண்டுபோயிருக்கின்றன. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"என்னத்தையோ தின்னுட்டான்" என்றேன்.

"அவன அடிச்சீங்களா?"

"ரெண்டு வச்சேன்."

அவள் விறகுச் சுமையைக் கீழே போட்டு, அதிலிருந்து ஒரு தேயிலைக் கட்டையை உருவினாள். "அடிச்சி அடிச்சி எம் புள்ளைய மருந்து குடிக்க வச்சிட்டியேய்யா" என்று கத்திக்கொண்டு வீசினாள். தடுக்கத் தூக்கிய என் இடது கையில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்தது தலையில். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மூன்றாவதுக்கு முன் ரெண்டு பேர் அவளைப் பிடித்து இழுத்தார்கள். பிடித்தவர்களையும் கடித்தாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அடித்தது அன்றைக்கு ஒரு நாள்தான், அதுவும் தப்பான காரணத்துக்காக.

கொழுந்து ஏற்றுகிற லொறியில் சாக்கு விரித்து எங்கள் ரெண்டு பேரையும் ஏற்றினார்கள். அவன் தலை பாக்கியத்தின் மடியில். கூட வந்த ரெண்டு இளைஞர்கள் கோயிலடியில் நின்றவர்கள். தலவாக்கலை வரும்வரை அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது. நான் தலையில் வேட்டியை அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரி வாசலில் சிங்கள நர்ஸ் ஓடி வந்து "மொனவத பிவ்வே?" என்றாள். என்ன குடித்தான் என்று கேட்டாள். பாக்கியம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "வச பிவ்வா மிஸ்" என்றாள், நஞ்சு குடித்துவிட்டான் என்று. போத்தல் எங்கே, என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று கேள்வி மேல் கேள்வி. லயத்தில் தேடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இல்லாத போத்தலை அன்று மாலை முழுக்க எங்கள் லயமே தேடியிருக்கிறது. கோயிலடியில் பார்த்தவர்களும், தலைவரே சொல்லாததைத் தாங்கள் பாக்கியத்திடம் சொல்வானேன் என்று கூடச் சேர்ந்து தேடினார்கள்.

எனக்குத் தலையில் பதினொரு தையல். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரைச்சீலை இடுக்கில் அடுத்த மேசை தெரிந்தது. தினேஷின் கையையும் காலையும் நாலு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். வலிப்பு விட்டு விட்டு வந்தது. தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கி மூச்சுக்கு வழி செய்துவிட்டு, இன்னொரு தடித்த குழாயை வயிற்றுக்குள் விட்டார்கள். அதன் மேல்முனையில் தண்ணீரை ஊற்றுவார்கள், பிறகு குழாயைக் கீழே தாழ்த்தி உள்ளே இருப்பதை வாளியில் இறக்குவார்கள். தெளிகிறவரை திரும்பத் திரும்ப. வயிறு கழுவுவது என்கிறார்களே, அது இதுதான். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே அறையில் கிடந்தோம், எனக்கு மட்டும் நினைவு இருந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. ஒல்லியாக, அதட்டாமல் பேசுகிறவர். ஒரு எவர்சில்வர்த் தட்டோடு என்னிடம் வந்தார்.

"ஐயா, இது பூச்சிமருந்து இல்லை. அந்த மணமே இல்லை. இதைப் பாருங்கோ, பாக்கு, புகையிலை. எத்தனை பக்கெட் திண்டவன்?"

"எட்டு இருக்கும்."

"தானாத் திண்டவனோ?"

ஆமாம் என்று தலையாட்டினேன். தையல் போட்ட தலை, ஆட்டும்போது வலித்தது.

அவர் பாக்கியத்தையும் கூப்பிட்டு எங்கள் ரெண்டு பேருக்கும் விளங்கப்படுத்தினார். புகையிலையில் நிக்கொட்டின் என்று ஒன்று இருக்கிறது. கொஞ்சம் போனால் கிறுகிறுப்பு. நிறையப் போனால் அதுவும் நஞ்சு மாதிரிதான் நரம்பைப் பிடிக்கும், எச்சில் ஊறும், வலிப்பு வரும், மூச்சு அடங்கும். "அது நாளைக்கு இறங்கிடும். எனக்குப் பயம் நெஞ்சுக்குத்தான். வாந்தி நுரையீரலுக்குள்ள போயிருக்கு. வாந்தி வாற ஆள் குனிஞ்சு வெளியில எடுக்கும். இவன் ஏன் இவ்வளவையும் உள்ளுக்கு இழுத்தவன் எண்டு எனக்கு விளங்கேல்லை." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காற்று இருக்கிற இடம் கறுப்பாகத் தெரியுமாம். வலது பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. பிழைப்பான் என்று அவர் சொல்லவில்லை. மெஷினில் வைத்துப் பார்ப்போம் என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். காரணம் தெரிந்திருந்தாலும் வைத்தியம் மாறியிருக்காது என்று பிறகு அந்த டொக்டரே சொன்னார். ஆனால் அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சொன்னால் அவன் பிழைக்கலாம் என்ற நிலையிலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். என்னை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை இதை வாசிக்கிறவர்கள் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனை வைத்தார்கள். மெஷின் ஊதும்போது அவன் மார்பு ஏறும், விடும்போது இறங்கும். அவனாக மூச்சு விட முயன்றால் மெஷினோடு சண்டை வருகிறது என்று மயக்க மருந்தைக் கூட்டுவார்கள். கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், அரை மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடக்கூடாது என்று. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, ஒருவர் மட்டும், அஞ்சு நிமிஷம் பார்க்கலாம். ரெண்டாம் நாள் கதவில் நின்ற ஊழியர் என்னை உள்ளே விடவில்லை. அவருடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினேன். கதவை உதைத்தேன். மூன்று பேர் சேர்ந்து என்னைத் தள்ளிக்கொண்டுபோய் என் வார்ட்டில் போட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கை அன்றிரவு முழுக்க உள்ளே குத்திக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் தம்பியிடம் வெட்டு வாங்கிய ஒருவர், தம்பியை என்ன செய்யப் போகிறேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது தாலாட்டாக இருந்திருக்க வேண்டும், தூங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற பொலிஸ்காரர் தலைக்காயத்துக்கு வாக்குமூலம் எடுக்க வந்தார். பாசி வழுக்கிப் படிக்கட்டில் விழுந்தேன் என்றேன். பக்கத்தில் நின்ற பாக்கியம் உடனே, "இல்ல சேர், நாந்தான் அடிச்சேன். கட்டையால. எழுதிக்குங்க" என்றாள். பொலிஸ்காரர் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, படிக்கட்டு என்றே எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் எனக்குச் செய்தவற்றை எழுத என் கை கூசுகிறது. மகன் பாக்கைத் தானாகத்தான் தின்றான், அப்பாவிடம் அகப்பட்ட பயத்தில் ஒரேயடியாக வாயில் போட்டு மறைக்கப் பார்த்திருப்பான் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அப்படியானால் தான் புருஷனை அநியாயமாக அடித்துவிட்டோம் என்று நினைத்தாள். விடியற்காலை லயத்தில் எழுந்து சமைத்து, பஸ் பிடித்து, ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் இன்னும் சூடு ஆறாமல் கொண்டு வருவாள். ஒற்றைக் கையால் என்னால் பிய்க்க முடியாது என்று அவளே பிய்த்து வாயில் வைப்பாள். தையலில் படாமல் தலையைத் துடைத்துவிடுவாள். "வலிக்குதாங்க?" என்று கேட்பாள். லயத்துச் சனங்கள் சேர்த்து அனுப்பிய காசில் ஒரு ஊசி மருந்தை வெளியே வாங்கி வந்தாள், அது ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிருந்தது. ஒரு நாள் என் காலடியில் உட்கார்ந்து, "எனக்குக் கண்ணு மண்ணு தெரியல, மன்னிச்சிருங்க" என்றாள். என் வாழ்க்கையில் வாங்கிய அடிகளில் அதுதான் பெரிய அடி. அவள் தலையில் கை வைத்து, "சரி விடு" என்றேன். அப்படித்தான் சொன்னேன். மன்னித்தேன்.

ஏழாம் நாள் தினேஷின் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி, எக்ஸ்ரேயில் கறுப்பு திரும்பிக்கொண்டிருந்தது. குரல் கரகரவென்று பாதிதான் வந்தது. சாதாரண வார்ட்டுக்கு மாற்றிய அன்றே அதே பொலிஸ்காரர் புத்தகத்தோடு வந்தார். நஞ்சு என்று பதிவான கேஸ், முடிக்க வேண்டுமாம்.

"தம்பி, யாரும் பலவந்தமா குடுத்ததா?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். தினேஷ் என்னைப் பார்த்தான், பிறகு பாக்கியத்தைப் பார்த்தான்.

"இல்ல. நானேதான் தின்னேன்."

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் காலில் பலம் வந்தது. வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். ஒரு வாரத்தில் ருசியாகக் குடித்த முதல் டீ அது.

ரெண்டு நாள் கழித்துப் பார்வையாளர் நேரத்தில் மேல் டிவிஷன் முத்துராஜ் வந்தான். தேயிலைச் செடி வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலைக்காரன், நல்ல மனுஷன். ஒரு கையில் தோடம்பழப் பை, மறு கையில் பதினாலு வயது மகனின் கழுத்துப்பட்டி. தினேஷின் கட்டில் பக்கத்தில் பாக்கியம் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் இருந்தேன். முத்துராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு சரம் பாக்குப் பக்கெட்டை எடுத்து என் மடியில் வைத்தான்.

"இவங்கிட்டயும் இருந்திச்சி தலைவரே. நான் அடிச்சா கேக்க மாட்டேங்கிறான். அன்னைக்கி நீங்க தம்பிக்குக் குடுத்த மாதிரியே இவனுக்கும் நீங்களே ஒண்ணு குடுங்க. அன்னையிலருந்து தோட்டத்துல ஒரு பய பக்கெட்டத் தொடல. பெத்த புள்ளைன்னும் பாக்காம ஒண்ணொண்ணா வாயில போட்டு, வாந்தி எடுத்தப்பகூட வாயப்…"

நான் எழுந்து அவன் வாயைப் பொத்தினேன்.

யோசித்துச் செய்யவில்லை. நல்ல கை தானாகப் போனது. முறிந்த கையை மாவுக்கட்டோடு அவன் பிடரியில் கொடுத்து, மறு கையால் வாயை இறுக்கி அழுத்தினேன். அவன் கண் பிதுங்கியது. தோடம்பழம் கட்டிலுக்கடியில் உருண்டது. அவன் மகன் அலறினான். தினேஷ் சுவர்ப்பக்கம் ஒதுங்கி, முழங்காலை மடக்கி, தன் ரெண்டு கையாலும் தன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு மூச்சு இரைத்தது.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அதற்கு மேல் யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எடுங்க கைய" என்றாள்.

எடுத்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் விழுந்த சரத்தை எடுத்து முத்துராஜின் கையில் திணித்தாள்.

"இத நீங்க தின்னு பாருங்க அண்ணே. எட்டுப் பக்கெட்டு. தின்னு முடிச்சிட்டு அப்பறம் புள்ளைக்குக் குடுங்க."

முத்துராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைவரைப் பெருமைப்படுத்த வந்த மனுஷன். மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டான். பாக்கியம் என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"நான் அடிச்சத நானே பொலிஸ்ல சொன்னேன். ஒங்களோடத நீங்க போய் சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்தக் கட்டில் பக்கம் வராதீங்க."

போனேன். பொலிஸ்காரர் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், வாயைப் பொத்தியதையும். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து தனக்குத் தெரிந்த தமிழில் எனக்கே ஆறுதல் சொன்னார். "பரவால்ல தலைவர். அப்பா தானே. நல்லதுக்குத் தானே. மகனே இல்லன்னு சொல்லியாச்சு. புத்தகம் மூடியாச்சு." நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. எழுதினால்தான் போவேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். கால்கள் சந்தோஷமாக என்னைத் திருப்பிக் கூட்டி வந்தன.

பதினாறாம் நாள் தினேஷை வீட்டுக்கு விட்டார்கள். பாக்கியம் அவனை நேரே நோட்டன் பிரிட்ஜில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். நாலு மாசம் கழித்துத்தான் வந்தாள். வந்தவள் போட்ட நிபந்தனை ரெண்டுதான், யார் மேலும் கை வைக்கக்கூடாது, தலைவராகவும் இருக்கக்கூடாது. ரெண்டையும் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு கை நீட்டவில்லை. நீட்டத் தோன்றாத நாள் இல்லை. தோன்றும்போது வெளியே போய்க் குழாயடியில் நிற்பேன், லயத்தில் எல்லாருக்கும் அது தெரியும், பிள்ளைகள்கூடச் சிரிக்கும்.

இந்த அஞ்சு வருஷமும் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், பொலிஸ்காரரிடம் தினேஷ் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். சாகக் கிடந்து எழும்பியும் என் மகன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மேடைகளில் அதைத்தான் கடைசியில் வைப்பேன். தண்டனை கொஞ்சம் மிஞ்சிப்போச்சு, ஆனாலும் பிள்ளைகள் நம்மேல் வைத்திருக்கிற பாசத்தைப் பாருங்கள், அந்தப் பாசத்தாலேயே அவர்களைத் திருத்தலாம் என்பேன். தாய்மார்கள் கண்ணைத் துடைப்பார்கள். இந்தக் கட்டுரையையும் அங்கேதான் முடித்து வைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தினேஷ் லீவில் வந்தான். ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறான். மாடிப்படி ஏறினால் இன்னும் கொஞ்சம் இரைக்கும். மேசையில் கிடந்த, இதை எழுதிய கொப்பியை எடுத்து, நின்றபடியே கடைசிவரை வாசித்தான். நான் வெளியே போகலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடி வைத்தான்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்கப்பா. பொலிஸ்ல நான் சொன்னத மட்டும் மாத்திருங்க."

"ஏன், அப்படித்தானே சொன்ன?"

"சொன்னேன். ஒங்களுக்காகச் சொல்லல. நெசத்தச் சொன்னா ஒங்களப் புடிச்சிட்டுப் போவாங்க, ரெண்டு நாள்ல தலைவர்னு சொல்லி விட்டுருவாங்க. நீங்க நேரா வீட்டுக்குப் போய் அம்மாவ அடிப்பீங்க. நான் கட்டில்ல கெடக்கேன், தடுக்க ஆளில்ல. அதான் நானே தின்னேன்னேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ரெண்டு பேரும் காத்திருந்தார்கள்.

சொல்லவில்லை. அவன் கணக்குச் சரி. அடித்திருப்பேன்.